தொகுதியும் ஓட்டமும்: உணவு, மருந்து உற்பத்தியில் தொடர்முறை

பொருளுற்பத்தி முறைகளை இரு பெரும் வகைகளாகப் பிரித்து நோக்குதல் இரசாயனப் பொறியியலாளரின் வழக்கம். ஒன்று தொகுதி முறை. மூலப்பொருள்களை அளந்து ஒரு பாத்திரத்தில் இட்டு, வேண்டிய நேரம்வரை காய்ச்சியோ கலக்கியோ முடித்து, முழுவதையும் வெளியே எடுத்து, பாத்திரத்தைக் கழுவி மறுபடியும் தொடங்குவது இம்முறை. மற்றையது தொடர்முறை. ஒரு முனையில் மூலப்பொருள் இடைவிடாது புக, மறுமுனையில் விளைபொருள் இடைவிடாது வெளிவருவது அது. அடுப்பிலே ஏற்றிய பொங்கற்பானை முதலாவதற்கு உதாரணம். நெல்லை ஒருபுறம் கொட்ட அரிசி மறுபுறம் சொரியும் ஆலை இரண்டாவதற்கு உதாரணம். தொகுதி முறையிற் பொருள் ஓரிடத்தில் நிற்க, அதன் நிலைமை காலத்தோடு மாறுகிறது. தொடர்முறையிற் பொருள் நகர்கிறது; ஆயின் குழாயின் எந்த ஓரிடத்தை எடுத்துக்கொண்டாலும் அங்குள்ள வெப்பநிலையும் செறிவும் நேற்றும் இன்றும் ஒன்றாகவே இருக்கும். இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பொருளின் தரத்தை எப்படி அறிவது, தவறு நேர்ந்தால் எவ்வளவு பொருளை ஒதுக்குவது, தொழிலாளியின் வேலை எத்தகையது ஆகிய வினாக்களுக்குரிய விடைகள் அனைத்தும் இதனைப் பொறுத்தே மாறுகின்றன.

தொடர்முறை புதியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தைச் சேர்ந்த ஒலிவர் எவன்ஸ் என்பவர் 1780-களில் அமைத்த மாவாலை இதற்குப் புகழ்பெற்ற முன்னோடி. அக்காலத்து ஆலைகளிலே தானிய மூட்டைகளை மனிதர் முதுகில் மேல்மாடிக்குச் சுமந்து சென்றனர். அரைத்த மாவை மண்வாரியால் அள்ளிப் பரப்பி ஆறவைத்தனர். எவன்ஸ் வாளித்தொடர் கொண்டு தானியத்தை மேலேற்றினார். திருகுருளை கொண்டு மாவைக் கிடையாக நகர்த்தினார். தானியம் புகுந்ததிலிருந்து மாவு வெளிவரும்வரை கைபடாத ஆலை அது. அதற்கு 1790இல் காப்புரிமையும் கிடைத்தது. அரைத்தல், கலத்தல், சலித்தல் என்னும் தனிச்செயல்கள் எவையும் எவன்சின் கண்டுபிடிப்புகள் அல்ல. செயல்களுக்கிடையே இருந்த சுமத்தலையும் காத்திருத்தலையும் நீக்கியதே அவர் செய்தது. தொடர்முறையின் சாரம் இன்றும் அதுவேயாகும்.

பால் பதனிடும் தொழிலிலே இம்மாற்றம் 1920-களில் நிகழத் தொடங்கியது. குளிசை செய்யும் தொழிலோ 2015இற்றான் ஐக்கிய அமெரிக்காவில் தொடர்முறையில் ஆக்கப்பட்ட புதிய மருந்தொன்றுக்கு அங்கீகாரம் பெற்றது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு இடைவெளி! மனித உயிரோடு நெருங்கிய தொடர்புடைய இரு தொழில்களிடையே இத்துணைப் பெரிய வேறுபாடு ஏன் என்பதே இக்கட்டுரையின் முதன்மை வினா.

முதலிற் பாலை நோக்குவோம். பாலிலுள்ள நோய்க்கிருமிகளை அழிக்கும் பழைய பாச்சர் முறையில், பெரிய தொட்டியொன்றிற் பாலை நிரப்பி 63 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, அந்நிலையில் 30 நிமிடம் வைத்திருந்தனர். இன்று பெருவழக்கிலுள்ள தொடர்முறையில் 72 பாகையில் 15 செக்கன் போதுமானது. ஒன்பது பாகை வெப்பம் கூடியதும் முப்பது நிமிடம் கால் நிமிடமாகக் குறுகியது எங்ஙனம்? கிருமிகளின் அழிவு வீதம் வெப்பநிலையோடு மிகச் செங்குத்தாக ஏறுவது. சில பாகை கூடினாலே அது பத்து மடங்காகும். பாலின் சுவை, நிறம், உயிர்ச்சத்து ஆகியவற்றைக் கெடுக்கும் இரசாயன மாற்றங்களின் வீதமும் ஏறுகிறது, ஆனால் மிக மெதுவாகவே ஏறுகிறது. ஆகவே வெப்பத்தை உயர்த்தி நேரத்தைக் குறைத்தால், கிருமி அதே அளவு அழிகையிலும் பால் குறைவாகவே கெடும். 135 பாகைக்கு மேற் சில செக்கன் மாத்திரம் சூடாக்கி, கிருமியற்ற உறையில் அடைத்து, குளிரூட்டாமலே மாதக்கணக்கில் வைத்திருக்கும் பாலுக்கும் அடிப்படை இதுவே.

இந்த நன்மையைத் தொட்டியிற் பெற முடியாது என்பதை இங்கு வற்புறுத்துதல் வேண்டும். ஆயிரம் இலீற்றர் பாலை 72 பாகைக்கு உயர்த்துவதற்கே பல நிமிடங்கள் செல்லும். ஆறவைக்க மேலும் பல நிமிடங்கள். பதினைந்து செக்கன் என்னும் அளவுக்கு அங்குப் பொருளே இல்லை. பால் மெல்லிய படலமாக ஓடினாலன்றி அத்துணை விரைவிற் சூடேறவோ ஆறவோ மாட்டாது. 1923இல் இங்கிலாந்தில் றிச்சட் செலிக்மன் உருவாக்கிய தட்டு வெப்பமாற்றி இதனைச் சாத்தியமாக்கியது. நெளிவுகள் கொண்ட உலோகத் தட்டுகளை அடுக்கி, ஒன்றுவிட்டொரு இடைவெளியில் ஒருபுறம் பாலும் மறுபுறம் வெந்நீரும் ஓடச் செய்வது அதன் அமைப்பு. சூடேறி வெளிவரும் பாலைக் கொண்டே உள்ளே வரும் குளிர்ந்த பாலைச் சூடாக்கலாம். வேண்டிய வெப்பத்திற் பத்தில் ஒன்பது பங்கு இவ்வாறு மீட்கப்படுவதுண்டு. தொடர்முறை என்றவுடன் வேகத்தையே பலர் நினைக்கின்றனர். பாலைப் பொறுத்தவரை அது தொகுதி முறையை வேகப்படுத்தியதன்று. தொகுதி முறையால் இயலாத ஒன்றைச் செய்தது.

ஆனால் ஓடும் பாலில் ஒரு சிக்கல் உண்டு. தொட்டியிலே நின்ற பால் முழுவதும் முப்பது நிமிடம் நின்றது என்பதில் ஐயமில்லை. குழாயில் ஓடும் பாலின் ஒவ்வொரு துளியும் பதினைந்து செக்கன் குழாய்க்குள் இருந்ததா? இல்லை. குழாயின் சுவரை ஒட்டிய பால் மெதுவாகவும் நடுவே செல்லும் பால் விரைவாகவும் ஓடும். அருவிக்கோட்டுப் பாய்ச்சலில் நடுவேகம் சராசரி வேகத்தின் இரு மடங்கு. அதாவது சராசரியாகப் பதினைந்து செக்கன் தங்கும் குழாயில் நடுத்துளி ஏழரைச் செக்கனில் வெளியேறிவிடும். கொந்தளிப்புப் பாய்ச்சலில் இவ்வேறுபாடு குறையும்; முற்றாக மறையாது. நோயாளியைத் தாக்குவது சராசரித் துளியன்று, மிக விரைந்தோடிய துளியே. ஆகையாற் சட்டம் கேட்பது மிக விரைந்த துளியின் நேரத்தையே. இவ்வகைச் சிந்தனைக்குத் தங்குநேரப் பரம்பல் என்னும் கணித வடிவை முறையாக அளித்த கட்டுரையை 1953இல் எழுதியவர் பீற்றர் டான்க்வேட்ஸ். இரண்டாம் உலகப்போரில் வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்கச் செய்து ஜோர்ஜ் சிலுவை விருது பெற்றவரும் இவரே. எது எத்தனை செக்கன் உள்ளே இருக்கிறது என்பதில் அவருக்கு அக்கறை பிறந்ததில் வியப்பில்லை.

இச்சிந்தனை இயந்திரத்தின் உடலிலேயே எழுதப்பட்டுள்ளது. பாலைத் தள்ளும் பம்பியின் வேகத்தை நிர்ணயித்தபின் அதிகாரிகள் முத்திரையிட்டுவிடும் வழக்கம் உண்டு. உற்பத்தியைப் பெருக்கும் ஆசையில் எவரும் அதனைக் கூட்டக்கூடாது என்பதற்காக. தாங்கு குழாய் சற்று மேல்நோக்கிச் சரிந்திருக்கும். காற்றுக் குமிழி தங்கினால் பாலுக்குரிய இடம் குறைந்து நேரமும் குறைந்துவிடும். குழாயின் முடிவில் வெப்பநிலை குறைவெனக் காட்டினால் திசைமாற்று வால்வு தானே திரும்பி, பாலை மீண்டும் தொடக்கத் தொட்டிக்கு அனுப்பிவிடும். வெப்பம் மீட்கும் பகுதியிற் பதனிட்ட பாலின் அமுக்கம் பச்சைப்பாலின் அமுக்கத்திலும் கூடுதலாக வைக்கப்படும். தட்டிலே ஓட்டை விழுந்தாலும் நல்ல பாலே பச்சைப்பாலினுட் கசியும், மறுதலையாக நிகழாது. ஈற்றில் ஒரு பரிசோதனையும் உண்டு. பாலில் இயற்கையாகவுள்ள பொசுபற்றேசு என்னும் நொதியம் நோய்க்கிருமிகளிலும் சற்றுக் கூடுதலான வெப்பத்தைத் தாங்கும். அது அழிந்திருந்தாற் கிருமிகளும் அழிந்தன எனக் கொள்ளலாம். ஆயினும் இப்பரிசோதனை சாட்சியேயன்றிக் காவலன்று. காவல் ஓட்டத்தினுள்ளேயே அமைந்திருக்கிறது.

அக்காவல் தவறினால் என்னாகும் என்பதற்கும் சான்றுண்டு. 1985இல் ஐக்கிய அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்திலே ஒரு பாற்பண்ணைத் தொழிற்சாலையிலிருந்து வந்த பதனிட்ட பாலால் சல்மனெல்லா நோய் பரவியது. ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்தப்பட்டவர்கள் மட்டும் 16,000 பேருக்கு மேல். பாதிப்புற்றோரின் மொத்தத் தொகை ஒன்றரை இலட்சத்துக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. வெப்பமூட்டலிற் குறையிருந்ததாகத் தெரியவில்லை. பச்சைப்பாலும் பதனிட்ட பாலும் சந்திக்கக்கூடிய ஒரு குழாய் இணைப்பே காரணமாகலாம் எனக் கருதப்பட்டது. தொட்டியிற் பிழை நேர்ந்தால் ஒரு தொட்டிப் பால் கெடும். ஓட்டத்திற் பிழை நேர்ந்தால் அதைக் கண்டறியும்வரை ஓடிய பால் அனைத்தும் கெடும். தொடர்முறையைப் புகழ்வோர் இதனை மறைத்தலாகாது.

இனி மருந்துக்கு வருவோம். குளிசையொன்று உருவாகும் வழி பொதுவாக இது: மருந்துத் தூளையும் துணைத் தூள்களையும் நிறுத்துக் கலத்தல், ஈரமூட்டிச் சிறுமணிகளாக்கல், உலர்த்தல், சலித்தல், மீண்டும் கலத்தல், அழுத்திக் குளிசையாக்கல், மேற்பூச்சிடல். இவற்றுள் அழுத்தும் பொறி என்றோ தொடர்முறைக்கு வந்துவிட்டது. தூளை அச்சில் அழுத்தி வில்லையாக்கும் முறைக்கு வில்லியம் புறொக்டன் இங்கிலாந்திற் காப்புரிமை பெற்றது 1843இல். இன்றைய சுழல் அச்சுப்பொறி மணித்தியாலத்துக்கு இலட்சக்கணக்கிற் குளிசைகளைச் சொரியும். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள சங்கிலி அறுபட்டே கிடந்தது. ஒவ்வொரு படி முடிந்ததும் தூள் பீப்பாய்களில் அடைக்கப்பட்டு, மாதிரி ஆய்வுகூடத்துக்குச் சென்று, முடிவு வரும்வரை களஞ்சியத்திற் காத்திருக்கும். சில இடங்களில் ஒரு படி ஒரு நாட்டிலும் அடுத்த படி வேறொரு நாட்டிலும் நிகழும். பொருளின்மீது உண்மையில் வேலை நடைபெறும் நேரம் சில நாட்களாயின், அது பீப்பாயிற் காத்திருக்கும் நேரம் பல வாரங்களாகும். எவன்ஸ் தமது ஆலையிலிருந்து அகற்றிய அதே மூட்டைகள்!

ஈற்றுப் பரிசோதனையின் இயல்பையும் கவனித்தல் வேண்டும். பத்து இலட்சம் குளிசைகள் கொண்ட தொகுதியில், ஒவ்வொன்றிலும் மருந்து சம அளவில் உள்ளதா என அறிய முதலிற் பத்துக் குளிசைகளையும், ஐயமேற்பட்டால் மேலும் இருபதையும் சோதிப்பது மருந்து நூல்களில் விதிக்கப்பட்ட வழக்கம். தூள் நன்கு கலந்திருந்தாற் பத்தே போதும். கலவாத மூலையொன்று இருந்து, அம்மூலையிலிருந்து வந்த சில நூறு குளிசைகளில் மருந்து இருமடங்காக இருந்தால், அவை அப்பத்துள் அகப்படும் வாய்ப்பு மிகமிகச் சிறிது.

தூளை ஓடச்செய்வது பாலை ஓடச்செய்வதைப்போல் எளிதன்று. பால் குழாயை நிரப்பி ஓடும். தூளோ கூம்பின் வாயிற் பாலங்கட்டி நின்றுவிடும். திடீரெனச் சரிந்து கொட்டும். பருமணியும் நுண்மணியும் தாமே பிரியும். உலோகத்தில் மின்னேறி ஒட்டும். இதனை வெல்ல உருவாக்கப்பட்ட கருவி நிறையிழப்பு ஊட்டி. தராசின்மேல் நிற்கும் கூம்பிலிருந்து திருகொன்று தூளை வெளித்தள்ள, ஒவ்வொரு கணமும் கூம்பின் நிறை எவ்வளவு குறைந்தது என்பதை அளந்து திருகின் வேகத்தைக் கருவியே திருத்திக்கொள்ளும். ஆனால் கூம்பு வெறுமையாகும்போது மீண்டும் நிரப்ப வேண்டும். நிரப்பும் அச்சில கணங்களில் தராசு உண்மை பேசாது. ஊட்டி அப்போது கண்ணை மூடிக்கொண்டு, முன்னைய வேகத்தை நம்பியே ஓடுகிறது. தூள் ஓட்டத்திற் பிழை புகுவதற்கு வாய்ப்பான தருணம் இது.

இங்கேதான் பாலுக்கும் தூளுக்கும் இடையேயுள்ள சுவையான முரண் வெளிப்படுகிறது. பாலில் தங்குநேரம் பரவுதல் தீமை; எல்லாத் துளிகளும் ஒரே நேரம் தங்குவதே விரும்பத்தக்கது. தூள் கலக்கும் பொறியிலோ ஓரளவு பரவுதல் நன்மை. ஊட்டி இரண்டு செக்கன் கூடுதலாக மருந்தைக் கொட்டிவிட்டால், கலக்கி அதனை முன்னும் பின்னும் வரும் தூளோடு சேர்த்துப் பரப்பி, அப்பிழையைத் தணித்துவிடும். ஆனால் அதற்கும் விலை உண்டு. சிறுபிழை தணிந்து மறைகிறது. பெரும்பிழையோ நீண்ட வாலாகப் பரவி, கூடுதலான குளிசைகளைத் தொட்டுவிடுகிறது. கலக்கியின் தங்குநேரப் பரம்பலை முன்னரே அளந்திருந்தால், இன்ன நேரத்தில் நேர்ந்த பிழை இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம்வரை வரும் குளிசைகளில் இருக்கும் எனக் கணித்து, அவற்றை மட்டும் ஒதுக்கலாம். பாலின் திசைமாற்று வால்வு இங்கு ஒதுக்குவாயிலாக மறுபிறவி எடுக்கிறது. ஓடும் தூளில் மருந்தின் செறிவை அறிய, செந்நிறக்கீழ்க் கதிருக்கு அண்மையிலுள்ள கதிர் பயன்படுகிறது. இம்முறையை முதலில் வளர்த்தவர் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த காள் நொறிஸ். தானியத்தின் ஈரப்பதனை அளப்பதே அவரது நோக்கமாயிருந்தது. உணவுத்துறை மருந்துத்துறைக்குக் கொடுத்த கடன் இதுவும் ஒன்று.

அங்ஙனமாயின் தாமதத்துக்குக் காரணம் தூளின் பிடிவாதம் மாத்திரமா? அது ஒரு பகுதியே. பாலின் விலையிற் பதனிடும் செலவு தெளிவாகத் தெரியும். ஒரு சதம் மிச்சமானாலும் நிறுவனம் அதனை நாடும். காப்புரிமை பெற்ற மருந்தின் விலையிலோ உற்பத்திச் செலவு சிறுபங்கே. ஆலையை மாற்றி மிச்சம் பிடிப்பதிலும், காப்புரிமைக் காலத்தில் ஒரு நாள்கூட வீணாகாமல் சந்தைக்கு வருவதே முதலுக்கு இலாபம். மேலும், அங்கீகாரம் பெற்ற முறையை மாற்றினால் அதிகாரிகளிடம் மறுபடி செல்லவேண்டும். நச்சுக் கரைப்பானிற் கரைத்த சல்பனிலமைட்டால் 1937இல் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததும், 1961இல் தாலிடொமைட்டின் கொடுமை வெளிப்பட்டதும் மருந்துச் சட்டங்களை இறுக்கின. அவ்விறுக்கம் நியாயமானதே. ஆயினும் அது அன்றிருந்த தொகுதி முறையை ஒட்டி வளர்ந்தமையால், தொகுதி முறையே சட்டத்தின் இயல்பான மொழியாகிவிட்டது.

மாற்றம் மெல்லவே வந்தது. ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2004இல் செயன்முறையை ஓட்டத்திலேயே அளந்தறியும்படி ஊக்குவிக்கும் வழிகாட்டலை வெளியிட்டது. 2007இல் மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் நொவாட்டிஸ் நிறுவனத்தின் பணத்தோடு தொடர்முறை ஆய்வுநிலையம் தொடங்கியது. 2015இல் சுரப்பிநார்ப் பெருக்க நோய்க்கான ஓர்க்கம்பி என்னும் மருந்து தொடர்முறையில் ஆக்க அங்கீகாரம் பெற்றது. 2016இல் எயிட்ஸ் நோய்க்கான டாருணவிர் குளிசையைத் தொகுதி முறையிலிருந்து தொடர்முறைக்கு மாற்றுவதற்கு, புவேட்டோ றிக்கோவிலுள்ள ஆலைக்கு அனுமதி கிடைத்தது. 2022 நவம்பரிற் சர்வதேச ஒத்திசைவு மன்றம் இதற்கென ஒரு வழிகாட்டலை ஏற்றது. இடைவிடாது ஓடும் ஓட்டத்தில் 'ஒரு தொகுதி' என்பது எது என்னும் வினாவுக்கு அது விடை கூறுகிறது: வெளிவந்த அளவாலோ, உட்சென்ற அளவாலோ, ஓடிய நேரத்தாலோ தொகுதியை வரையறுக்கலாம். தொகுதி இலக்கம் வெறும் சம்பிரதாயமன்று. தவறான மருந்தைத் திரும்பப் பெறவேண்டிய நாளில் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதை அதுவே காட்டும்.

தொடர்முறை எங்கும் வெல்லும் என்பதற்கில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1950-களிற் பாண் மாவைத் தொடர்ச்சியாகப் பிசையும் பொறிகள் பரவின. பாண் மலிந்தது, ஆனால் கேக்கைப்போல் ஒரே சீரான அதன் உள்ளீடு உண்போருக்குப் பிடிக்கவில்லை. பின்னர் அம்முறை பெரிதும் கைவிடப்பட்டது. நமது தேயிலையும் இதற்கு ஓர் எல்லைக்கல். 1930இல் அசாமில் வில்லியம் மக்கேச்சர் அமைத்த பல்லுருளைப் பொறி, கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டி இடைவிடாது வெளித்தள்ளுவது. கென்யாவின் தேயிலை ஏறத்தாழ முழுவதும் அவ்வழியில் ஆக்கப்படுகிறது. இலங்கையின் பெரும்பகுதித் தேயிலையோ இன்னும் உருட்டுபொறியிற் கூறுகூறாக இட்டு உருட்டப்படுவதே. உலர்த்தும் பொறி மட்டும் நெடுங்காலமாகத் தொடர்முறையில் இயங்குகிறது. டீமேக்கரின் மூக்கும் விரலும் ஒவ்வொரு கூற்றையும் தனித்தனி தீர்மானிக்கும் இம்முறையைப் பிற்போக்கு எனத் தள்ளிவிடுதல் அவசரமாகும். இலையின் தோற்றத்துக்கும் மணத்துக்கும் சந்தை தரும் விலை அதிலே தங்கியுள்ளது. அன்றியும், தேயிலைத் தொழிலாளருட் பெரும்பான்மையோர் தொழிற்சாலைக்குள் அல்ல, மலைச்சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்கள். தொழிற்சாலை எத்துணை ஓட்டமாக ஓடினும், அவர்களின் கூடை நிறுவைக்கு நிறுவை தொகுதியாகவே வந்து சேரும்.

தொழிலாளர் பற்றிய வினா மருந்தாலையிலும் எழுகிறது. பீப்பாய் சுமத்தலும் தூளைச் சுவாசித்தலும் ஒழிவது நன்றே. ஆனால் நிறுத்தினால் நட்டம் என்னும் ஆலை இரவையும் அறியாது, ஞாயிற்றுக்கிழமையையும் அறியாது. வேலையாட்கள் குறைவர்; எஞ்சியோர் முறைமாறி இரவுபகலாகத் திரையைப் பார்த்திருப்பர். ஒதுக்குவாயில் எப்போது திறக்கவேண்டும் என்னும் எல்லையை வகுப்பவர் அவ்விடத்தில் இல்லாத ஒருவர். பிழைக்குப் பொறுப்பு எவருடையது என்பதைத் தொழிற்சங்கங்கள் இன்னும் கூர்மையாகக் கேட்கவில்லை.

இலங்கைக்கு இவற்றால் ஆவதென்ன? பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகி, வணிகப்பெயரின்றி இனப்பெயரில் மருந்து வாங்கும் வழியை உலகுக்குக் காட்டியது. அவ்வழி கொள்வனவைப் பற்றியது. 1987இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கல் உற்பத்திக் கூட்டுத்தாபனம் உள்நாட்டிற் குளிசை ஆக்குகிறது. ஆயினும் மருந்துகளின் பெரும்பகுதி இறக்குமதியே. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மருத்துவமனைகளில் நேர்ந்த மருந்துத் தட்டுப்பாட்டை வாசகர் மறந்திருக்கமாட்டார். அதே மசச்சூசெட்ஸ் நிறுவன ஆய்வாளர் 2016இல் குளிர்சாதனப் பெட்டியளவான தொடர்முறைக் கருவியொன்றில் டயசிப்பாம், லிடொக்கெயின் உட்பட நான்கு மருந்துகளை மாறிமாறி ஆக்கிக் காட்டினர். சிறுநாடுகளுக்கு இதுவே விடிவு என்று எழுதியோரும் உண்டு. எனக்கு அத்துணை நம்பிக்கையில்லை. அக்கருவிக்குரிய தூய மூலப்பொருள்களும் உணர்கருவிகளும் வெளியிலிருந்தே வரவேண்டும். பலவகை மருந்துகளைச் சிறுசிறு அளவிற் செய்யும் ஆலைக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டத்தை நிறுத்திக் கழுவுவது பெருஞ்செலவு. ஆனால் மிகுதியாகத் தேவைப்படும் பரசிற்றமோல், மெற்போமின் போன்ற சிலவற்றை இடைவிடாது ஆக்குவது நமக்கும் ஆராயத்தக்கதே.

எவ்வழியைத் தேர்ந்தாலும், தொடர்முறையில் ஆன மருந்துகள் இறக்குமதியாக வந்துகொண்டேயிருக்கும். அவற்றின் ஆவணங்களில் தங்குநேரப் பரம்பல் வளைகோடு இருக்கும். அதனை வாசித்துக் கேள்வி கேட்கத்தக்கவர் நமது மருந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் இருத்தல் வேண்டும். இதனைக் கற்பிக்கப் பெரும் பொருள் தேவையில்லை. நீண்ட குழாயொன்றில் நீரை ஓடவிட்டு, ஒரு முனையில் உப்புக்கரைசலைச் சட்டெனச் செலுத்தி, மறுமுனையில் மின்கடத்துதிறன் எப்போது ஏறுகிறது, எப்படி வாலிட்டு இறங்குகிறது என்பதைக் குறித்தாற் போதும். பாலாலைகளில் தாங்கு குழாயின் நேரத்தை அளக்கும் அதிகாரிகள் இன்றும் கைக்கொள்ளும் பரிசோதனை இதுவே. ஒரு பிற்பகலில் நமது ஆய்வுகூடங்களிலும் செய்துவிடலாம்.